ஊசி யாருடையது

கீழ்பென்னாத்தூர்
18.2.2025

அய்யூப் பாய் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் அன்புச்செல்வி. உங்கள் தெருவில் நான்கு வருடமாகக் குப்பை எடுக்கிறேன். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பாஞ்சாலை அக்காவோடு பேட்டரி வண்டியில் வருகிற இன்னொருத்தி என்றால் தெரியும். அந்த அக்காவிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் பாத்திரக் கடைக்கு வந்து கேட்டால் நாலு பேர் முன்னால் கேட்டதாகிவிடும். போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுவீர்கள். எழுதினால் முழுவதும் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

நேற்று திங்கட்கிழமை காலை உங்கள் வீட்டுப் பையைப் பிரித்தேன். மக்கும் குப்பை தனியாக, மக்காதது தனியாகப் போட்டால்தான் எங்கள் வண்டியை உள்ளே விடுவார்கள். அப்படிப் பிரிக்கும்போது மூடி இல்லாத ஊசி ஒன்று என் வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. கையுறை போட்டிருந்தேன். அதையும் தாண்டி ஏறியது. ரத்தம் வந்தது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஊசியை ஒரு தண்ணீர் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது இன்சுலின் போடுகிற ஊசி என்று டாக்டரம்மா சொன்னார்.

என் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் அது நேற்றுவரை இருந்த ரத்தம். இனிமேல் எதுவும் வராமல் இருக்க இருபத்தெட்டு நாளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எய்ட்ஸ் கிருமிக்குக் கொடுக்கிற மாத்திரை. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர் யார் என்று தெரிந்து, அவர் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் ஊசி போட்டுக்கொள்கிறவர் யாரோ அவர் ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் போதும். பெயரை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இப்போது கீழ்பென்னாத்தூரில் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புச்செல்வி


திருவண்ணாமலை
20.2.2025

அன்புச்செல்வி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களுக்கு நேர்ந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். சீக்கிரம் குணமாக வேண்டும்.

ஆனால் நீங்கள் விலாசம் மாறி எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் நானும் என் மனைவி நசீமாவும் மட்டும்தான் இருக்கிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஊசி போடுகிற அளவுக்கு எந்த நோயும் இல்லை. ஒரு வண்டியில் ஐம்பது அறுபது வீட்டுக் குப்பை சேர்கிறது. அதில் எது எந்த வீட்டுடையது என்று எப்படிச் சொல்ல முடியும்? அவசரத்தில் பை மாறியிருக்கலாம். உங்கள் மேல் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

முப்பது வருடமாக இந்த ஊரில் கடை வைத்திருக்கிறேன். இது போன்ற பேச்சு பரவினால் எனக்கு நல்லதில்லை. நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

அய்யூப்


கீழ்பென்னாத்தூர்
22.2.2025

பாய் அவர்களுக்கு,

பை மாறவில்லை. ஒவ்வொரு பையையும் எடுத்த இடத்திலேயே பிரித்துவிடுவோம். ஊசி ஏறியபோது உங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றிருந்தேன். அந்த ஊசி ஒரு தாளில் சுற்றியிருந்தது. உங்கள் கடை பில் தாள். அதில் யாரோ இட்லிப் பானையும் இரண்டு கரண்டியும் வாங்கிய கணக்கு, பேனாவால் கோடு போட்டு அடித்திருந்தது. அடித்த பில்லை யாரும் வாடிக்கையாளரிடம் கொடுக்க மாட்டார்கள். அது கடைக்காரர் சட்டைப் பையில்தான் இருக்கும்.

சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. போலீசுக்கோ கவுன்சிலருக்கோ போகவும் இல்லை. எங்கள் சூப்பர்வைசர், "எந்த வீடுன்னு சொல்லாத, நமக்கு வம்பு" என்று சொல்லிவிட்டார். சொல்லவில்லை.

மாத்திரை சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வாந்தி வருகிறது. சாப்பிடாமல் விட்டால் பயமாக இருக்கிறது. முதல் மூன்று நாலு நாளில் தெரிந்தால் நல்லது என்று டாக்டரம்மா சொன்னார். இன்று ஐந்தாவது நாள் முடிந்தது. அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

அன்புச்செல்வி


திருவண்ணாமலை
25.2.2025

அன்புச்செல்வி அவர்களுக்கு,

யோசித்துப் பார்த்தேன். எங்கள் மாடி அறையை மாத வாடகைக்கு விடுவது வழக்கம். கிரிவலத்துக்கும் ஆசிரமத்துக்கும் வருகிற வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். அவர்களில் யாராவது ஊசி போட்டுக்கொள்கிறவராக இருந்திருக்கலாம். கடைத் தாள்கள் மாடிப்படியிலும் கிடக்கும். அப்படி யாராவது இருந்தால் இந்நேரம் ஊருக்குப் போயிருப்பார்கள். அவர்கள் விலாசம் என்னிடம் இல்லை.

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்.

அய்யூப்


கீழ்பென்னாத்தூர்
27.2.2025

பாய் அவர்களுக்கு,

உங்கள் மாடி அறை பொங்கலிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. பாஞ்சாலை அக்காவுக்கும் எனக்கும் தெரியும். ஆள் இருக்கிற வீட்டுக் குப்பையும் ஆள் இல்லாத வீட்டுக் குப்பையும் எங்களுக்குத் தெரியாமல் போகாது.

இதை முதலிலேயே எழுத வேண்டாம் என்று இருந்தேன். எனக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். கீதாஞ்சலி. விவரம் தெரிகிறவரை தாய்ப்பால் கொடுக்காமல் இருப்பது நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பத்து நாளாகக் கொடுக்கவில்லை. பிழிந்து கொல்லையில் ஊற்றுகிறேன். என் சேலை வாசம் பட்டாலே அழுகிறாள் என்று அக்கா அவளை அடுத்த வீட்டில் கொண்டு போய் வைத்துக்கொள்கிறார். புட்டியை வாயில் வைத்தால் துப்புகிறாள்.

வாந்தியில் சாப்பாடு நிற்பதில்லை. பால் குறைந்துகொண்டே வருகிறது.

இனிமேல் எழுத மாட்டேன்.

அன்புச்செல்வி


திருவண்ணாமலை
8.3.2025

அன்புச்செல்விக்கு,

இதோடு இருக்கிற தாள் என் ரத்தப் பரிசோதனை. நேற்று கொடுத்தேன், இன்று காலையில் வந்தது. எய்ட்ஸும் இல்லை, இரண்டு வகை மஞ்சள் காமாலையும் இல்லை என்று எழுதியிருக்கிறது. தபாலை நம்பாமல் இதன் நகலை நானே ஆஸ்பத்திரியில் உங்கள் டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் போன் செய்கிறேன் என்றார். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஊசி என்னுடையது.

ஒன்றரை வருடமாகப் போட்டுக்கொள்கிறேன். நசீமாவுக்குத் தெரியாது. என் அத்தாவுக்குச் சர்க்கரையில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதம், பிறகு முழங்கால்வரை. நசீமா கல்யாணமாகி வந்த புதிது. புண்ணைக் கழுவியது, கட்டு மாற்றியது எல்லாம் அவள்தான். ஊசி என்று சொன்னால் அவளுக்கு அந்த நாட்கள்தான் கண்ணில் வரும். மாத்திரையிலேயே கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். காலையில் குளியலறையில் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் இருக்கிற தாளில் சுற்றி, அவள் கட்டி வைத்த குப்பைப் பைக்குள் அடியில் செருகிவிடுவேன். அதை யார் கை தொடும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. குப்பையில் போட்டால் அது இல்லாமல் போய்விட்டது என்றுதான் எனக்கு நினைப்பு.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் இல்லை என்று எழுதினேன். மாடி அறையைப் பற்றி எழுதியதும் பொய்.

நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வைக்காவிட்டால் நசீமா ஏன் என்று கேட்பாள். அதனால் நோன்பும் வைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம் போல் கஞ்சி வாங்கிப்போகப் பாஞ்சாலை தூக்கோடு வந்தது. நசீமா ஊற்றிக் கொடுத்தாள். பாஞ்சாலை இன்னொரு தூக்கை நீட்டி, "அன்புக்கும் கொஞ்சம் ஊத்துங்கம்மா. ஏழு மணி பஸ்ஸுல அவ மாமா ஊருக்குப் போறாரு, குடுத்தனுப்புறேன். சோறு எறங்க மாட்டேங்குது. கஞ்சின்னா குடிப்பா" என்றது.

"ஏன், அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று நசீமா கேட்டாள்.

பாஞ்சாலை என்னைப் பார்த்தது. "பாய்க்குத் தெரியும்மா" என்றது. தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நோன்பு திறக்கக் கையில் பேரீச்சம்பழம் வைத்திருந்தேன். நசீமா எதிரே வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதிய மூன்று கடிதத்தையும் கடை மேஜை டிராயரிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். மூன்றாவதைப் படித்து முடித்துவிட்டு, "இந்தக் கடுதாசி எத்தனை நாளா உங்ககிட்ட இருக்குது?" என்று கேட்டாள். ஒரு வாரம் என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு அவள் பேசவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

அய்யூப்


கீழ்பென்னாத்தூர்
12.3.2025

பாய் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். இருபத்தோரு நாள் சாப்பிட்டிருக்கிறேன். இனிமேல் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

அன்றே கீதாஞ்சலியை மடியில் போட்டுப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசியோடு இருக்கும்போது மறுபடி போட்டேன். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அழுதாள். பால் இல்லை. அது நின்றே ஒரு வாரம் ஆகியிருந்தது. அக்கா பூண்டை வதக்கிக் கொடுத்தார், சுறாக் கருவாட்டில் புட்டு செய்து கொடுத்தார். ஊறவில்லை. நாலு நாளாகப் பார்த்துவிட்டு இன்றோடு விட்டுவிட்டேன்.

முதல் கடிதத்துக்கே நீங்கள் உண்மையை எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஊசி ஏறியது தெரியாமல் நடந்தது. அதற்கு உங்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நீங்கள் தெரிந்து செய்தது. எனக்கு இரண்டும் வேறு வேறு.

உங்கள் வீட்டுக்காரம்மா கொடுத்தனுப்பிய கஞ்சி வயிற்றில் நின்றது. நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.

அன்புச்செல்வி


திருவண்ணாமலை
15.3.2025

அன்புச்செல்விக்கு,

நீங்கள் எழுதியது சரி.

மருந்துக் கடைக்குப் போய்க் குழந்தைக்குப் பால் மாவு நாலு டப்பா வாங்கி வந்தேன். உங்களுக்கு அனுப்பலாம் என்று மேஜை மேல் வைத்திருந்தேன். ஒன்பது நாளாகப் பேசாமல் இருந்த நசீமா அதைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தாள். "இந்த டப்பாவப் பாக்குறப்பல்லாம் அந்தப் பொண்ணுக்கு என்ன ஞாபகம் வரும்? கொண்டு போய்த் திருப்பிக் குடுங்க" என்றாள். கொடுத்துவிட்டேன்.

நான் என்ன செய்யட்டும் என்று உங்களையே கேட்கிறேன். கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது.

அய்யூப்


கீழ்பென்னாத்தூர்
19.3.2025

பாய் அவர்களுக்கு,

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தது நல்லது. நசீமாம்மாவுக்கு என் வணக்கம்.

கேட்டதால் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் குப்பையை ஒரு வாரம் நீங்களே உங்கள் கையால் பிரித்துக் கொடுங்கள். வேலைக்காரம்மாவை வைத்துச் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் தெருவில் மட்டும் வாரத்துக்கு ஏழெட்டு ஊசி என் கண்ணில் படும். அதெல்லாம் உங்களுடையதாக இருக்க முடியாது. உடைந்த டம்ளர், பிளேடு, பல்பு தனி. எந்தெந்த வீடு என்று எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். நான் போய்க் கேட்டால் உங்களைப் போலவே இல்லை என்பார்கள். நீங்கள் கேட்டால் எப்படியோ, தெரியாது.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். என்னைச் செங்கம் ரோடு பக்கம், ஆசிரமத்தை ஒட்டிய தெருக்களுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று இனிமேல் எனக்குத் தெரியப்போவதில்லை. பாஞ்சாலை அக்கா கைதான் உள்ளே போகும்.

அன்புச்செல்வி


திருவண்ணாமலை
6.4.2025

அன்புச்செல்விக்கு,

ரமலான் பெருநாள் முடிந்து பதில் எழுதலாம் என்று இருந்துவிட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே மொட்டை மாடியில் பழைய பேப்பரை விரித்து இரண்டு நாள் பையைக் கொட்டினேன். நசீமா நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். முதலில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டேன். முந்தாநாள் பிரியாணிச் சோறு ஒரு உருண்டை, அதில் எறும்பு. கொத்தமல்லிக் கட்டு பாதி, அழுகி. ரொட்டிப் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே, தேதி தாண்டியது. பால் கவர், மசாலா கவர், என் மாத்திரை அட்டை, கடையிலிருந்து நான் கொண்டு வந்த தெர்மாகோல். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இவ்வளவா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. எல்லாவற்றிலும் குழம்பு ஒட்டியிருந்தது. ஒரு ஈர பால் கவரைத் தூக்கிப் பிடித்து எதில் போடுவது என்று தெரியாமல் நின்றேன். "அவ இத ஒரு நாளைக்கு அம்பது வூட்டுக்குப் பண்றா" என்றாள் நசீமா.

நீங்கள் சொன்னது ஒரு வாரம். இன்றுவரை நானேதான் செய்கிறேன். காய்த் தோலும் டீத்தூளும் மாடியில் ஓட்டை போட்ட ட்ரம்மில் உரமாகப் போகிறது. சாமான் வாங்கப் போகும்போது தூக்கும் துணிப்பையும் எடுத்துப் போகிறேன், கறிக்கடையிலும் தூக்குதான். நசீமா சோறு கணக்காக வடிக்கிறாள், மிஞ்சினால் மறுநாள் நான்தான் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு. தினமும் போன பை இப்போது நாலு நாளைக்கு ஒன்று. பாஞ்சாலை வந்து, "என்னா பாய், வூட்ட காலி பண்ணிட்டீங்களா, ஒண்ணுமே வரல" என்று கேட்டது.

ஊசி விஷயம். கடையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள் நசுங்கி விற்காமல் ஒரு மூட்டை கிடந்தது. பத்தொன்பது டப்பாவை எடுத்து மூடியில் சிவப்புப் பெயிண்டில் "ஊசி, பிளேடு, கண்ணாடி" என்று எழுதினேன். ஒவ்வொரு வீடாகப் போனேன். முதலில் எனக்குச் சர்க்கரை, ஊசி போடுகிறேன், என் ஊசி ஒரு பெண் கையில் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டு, பிறகுதான் டப்பாவை நீட்டினேன். ரிட்டயர்டு தாலுகா ஆபீஸ்காரர் ராமன் சாரைத் தெரியும் உங்களுக்கு. "எங்க வூட்ல யாருக்கும் ஊசி இல்ல பாய்" என்றார். நான் உங்களுக்கு எழுதிய அதே வரி. டப்பாவை அவர் கேட் சுவர் மேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் டப்பா அங்கே இல்லை. உள்ளே போயிருக்கிறது.

அப்படி எல்லா வீட்டிலும் இல்லை என்றார்கள். எல்லா டப்பாவும் உள்ளே போனது. நேற்று நான் மறுபடி போய்க் கேட்டபோது பதினொரு வீட்டில் டப்பாவில் ஏதோ இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவைக் கேட்டு அவர்கள் ஊசி போடுகிற பெட்டியில் சேர்த்தேன். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு ஊசி. மாதா மாதம் கொண்டு வா என்றார்.

கடையில் இரண்டு பேர் என்னிடம் பாத்திரம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. இதை முறையிடுவதற்காக எழுதவில்லை.

அய்யூப்


திருவண்ணாமலை
17.4.2025

பாய் அவர்களுக்கு,

ஆறாவது வாரச் சோதனை மாத ஆரம்பத்திலேயே முடிந்தது. ஒன்றும் இல்லை. கடைசிச் சோதனை மே மாதம்.

நாற்பத்தாறு ஊசி என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். பாஞ்சாலை அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

இப்போது இன்னொரு விஷயம். செங்கம் ரோட்டில் என்னோடு வேலை செய்கிற அருண்பிரசாத்துக்குப் போன வாரம் ஒரு லாட்ஜ் பையில் இருந்த ஊசி தொடையில் ஏறிவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கியிருக்கிறான். லாட்ஜில் கேட்டால் எங்களுடையது இல்லை என்கிறார்கள். அவனும் மாத்திரை சாப்பிடுகிறான். நாங்கள் முப்பது பேர் சேர்ந்து கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கப்போகிறோம். ஊசி ஏறாத கையுறை, வண்டிக்கு ஒரு மூடிய பெட்டி, ஊசி ஏறினால் சம்பளம் பிடிக்காமல் லீவு. மனுவை நான்தான் எழுதினேன்.

முன்னாலும் இப்படி மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்தால், எங்கே நடந்தது, யார் போட்ட ஊசி என்பதுதான் முதல் கேள்வி. எங்களால் சொல்ல முடிந்ததே இல்லை. இத்தனை வருடத்தில், அது என்னுடையது என்று ஒத்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். அதுவும் கடிதத்தில்.

மனுவில் சேர்க்க ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஊசி உங்களுடையது என்று உங்கள் பெயரோடு எழுதிக் கையெழுத்து போட்டுத் தர முடியுமா? முதல் கடிதத்தில் உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதனால் நீங்கள் முடியாது என்றால் கேட்க மாட்டேன். தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மனு இருபத்தெட்டாம் தேதி. அன்று எனக்கு லீவு தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாஞ்சாலை அக்கா போகிறார்.

அன்புச்செல்வி


திருவண்ணாமலை
29.4.2025

அன்புச்செல்விக்கு,

பாஞ்சாலை சொல்லியிருக்கும். அது சொன்னது எப்படி இருந்தாலும் நானும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் தாளை ஒன்பது நாள் கல்லாப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். தெருவில் சொன்னது வேறு. அரசாங்கத் தாளில் எழுதிக் கொடுப்பது வேறு. நாளைக்கு யாராவது வழக்கு போட்டால் என்ன ஆகும் என்று வக்கீலைக் கேட்டேன். எழுதிக் கொடுக்காதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்து நசீமாவிடம் சொன்னேன். "வக்கீலு சரியாத்தான் சொல்லியிருக்காரு. நீங்க என்ன பண்ணப்போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு டப்பா கொடுத்த வீடுகளுக்கும் போனேன். மனுவுக்கு ஆதரவாக ஏழு பேர் கையெழுத்து போட்டார்கள். ராமன் சாரும் போட்டார். "ஊசின்னு என் பேருகிட்ட எழுதிராதீங்க பாய், வெறும் கையெழுத்து மட்டும்" என்றார். சரி என்றேன்.

தாளைப் பாஞ்சாலையிடம் கொடுத்து அனுப்பலாம் என்றுதான் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் ஜாஸ்தி. பட்டா, முதியோர் பென்ஷன், தண்ணீர்ப் பிரச்சினை என்று நூறு பேர். எங்கள் முறை பதினொன்றரைக்கு வந்தது. மேஜையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். மனுவைப் படித்துவிட்டு, தொழிலாளர்கள் எல்லாம் சரி, நீங்க யாரு என்று என்னைக் கேட்டார்.

"அந்த ஊசி என்னுதுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தாளைக் காட்டினேன். படித்தார். பக்கத்து வரிசையில் எங்கள் கடைத்தெரு ஆள் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் நடந்ததை ஏன் இப்போது எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விவரத்துக்காகத்தான் கேட்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. பத்தொம்பது நாள் சொல்லாம இருந்தேன். அதனால அந்தப் பொண்ணு கொழந்தைக்குப் பால் இல்லாம போச்சு. அதையும் எழுதிக்கங்க" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எடுத்து மனுவின் ஓரத்தில் எழுதினார். தலைகீழாக இருந்ததால் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. எண் போட்ட சீட்டு கொடுத்தார்கள். இதோடு வைத்திருக்கிறேன். அறிக்கை கேட்கிறோம், பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான் நடந்தது.

வெளியே வந்ததும் பாஞ்சாலை இரண்டு டீ வாங்கியது. ஒன்றை என்னிடம் நீட்டி, "சக்கர போட வேணாம்னு சொல்லிட்டேன்" என்றது.

அய்யூப்


திருவண்ணாமலை
4.5.2025

பாய் அவர்களுக்கு,

கடிதமும் சீட்டும் வந்தது. சீட்டை நாங்கள் நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம்.

பெட்டி இன்னும் வரவில்லை. தடித்த கையுறை பன்னிரண்டு ஜோடி வந்திருக்கிறது. முப்பது பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். மறுபடி கேட்போம். அருண்பிரசாத் லாட்ஜில் இரண்டாவது தடவை போய்க் கேட்டான். உங்கள் தாளின் நகலைக் காட்டினானாம். அங்கே சமையல் செய்கிற ஒருவர் பின்னால் வந்து, ஊசி தன்னுடையது என்று சொல்லி ரத்தம் கொடுத்திருக்கிறார். ஒன்றும் இல்லை. எட்டு நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே அவனுக்கு நிறுத்திவிட்டார்கள்.

கீதாஞ்சலி டம்ளரில் குடிக்கப் பழகிவிட்டாள். பாதியைக் கொட்டுகிறாள்.

நீங்கள் அந்த அதிகாரியிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னதாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அதை மனுவில் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. நீங்கள் சொன்னது எனக்குப் பிடித்ததா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அது எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டியதுதான்.

சூப்பர்வைசர் எந்தத் தெரு வேண்டும் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். சித்ரா பௌர்ணமிக்கு எங்கள் எல்லாரையும் கிரிவலப் பாதைக்கு அனுப்புவார்கள். அந்தக் குப்பை வாரி முடிய இரண்டு நாள் ஆகும். பதினான்காம் தேதி புதன்கிழமையிலிருந்து நானும் பாஞ்சாலை அக்காவும் உங்கள் தெருவுக்கு வருகிறோம்.

பையை நீங்களே கொண்டு வந்து கொடுங்கள். பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புச்செல்வி